ஓய்வுச் சீட்டில் கையெழுத்துப் போட்ட கை

புது வீட்டில் வேலைக்குச் சேரும்போது சிஸ்டர் முதலில் பார்ப்பது கட்டிலின் உயரத்தை. அப்புறம் குளியலறைக் கதவின் அகலம், தரை வழுக்குமா, சுவரில் பிடிமானம் உண்டா. சுவரில் என்ன படம் மாட்டியிருக்கிறார்கள் என்பது அவளுக்கு வேண்டாத விஷயம். அந்த வீட்டில் மட்டும் படத்தைப் பார்த்தாள்.

நோயாளியின் கட்டிலுக்கு நேர் எதிரே, கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு வரைபடம் இருந்தது. நீலக் கோடு ஒன்று, சிவப்புக் கோடு ஒன்று. இடது பக்கத்தில் இரண்டுக்கும் நடுவே ஒரு உள்ளங்கை நுழையும் அளவு இடைவெளி. வலது பக்கம் போகப் போக நெருங்கி, கடைசியில் தொட்டுக்கொண்டு, சிவப்பு மயிரிழை அளவு மேலே ஏறியிருந்தது. 'மாணவர், மாணவியர் தேர்ச்சி இடைவெளி பதினான்கிலிருந்து பூஜ்யத்துக்கு' என்று அடியில் எழுதி ஒரு கையெழுத்து. அதன் கடைசி எழுத்திலிருந்து ஒரு வால் கிளம்பி, மொத்தப் பெயருக்கும் கீழே ஓடி, திரும்பி வந்து முதல் எழுத்தைக் கொக்கி போட்டு இழுத்திருந்தது.

அந்தக் கொக்கியை அவளுக்குத் தெரியும். முப்பது வருடமாக அவள் துணிப்பெட்டியின் அடியில் கிடக்கிறது.

"இது யாரு போட்டதும்மா?" என்று கேட்டாள்.

"இவர்தான்," என்றாள் அந்த வீட்டம்மா, கட்டிலில் கிடந்த கணவனைக் காட்டி. "இந்த மண்டலத்துக்கே கல்வி அதிகாரியா இருந்தவரு. பொண்ணுங்க படிப்புல பின்தங்கிக் கிடந்தாங்கல்ல, அஞ்சே வருஷத்துல பையன்களுக்குச் சமமாக் கொண்டு வந்துட்டாரு. விருதெல்லாம் குடுத்தாங்க. இப்பப் பாரு, தண்ணி வேணும்னு கேக்கக்கூட வாய் வரல."

மூளையில் ரத்தக்குழாய் அடைத்து, வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் போய் மூன்று மாதம். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. முதுகுத்தண்டின் அடியில் தோல் சிவந்து புண்ணாகத் தயாராக இருந்தது. அவளுக்கு முன்னால் நான்கு பேர் வேலைக்கு வந்து, ஒரு மாதம் கூடத் தாங்காமல் ஓடியிருந்தார்கள்.

"நீயாவது இருப்பியாம்மா?"

"இருக்கேன். இவரு பேசுற வரைக்கும் நான் எங்கயும் போக மாட்டேன்."

வீட்டம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சிஸ்டருக்குக் கலங்கவில்லை. மரக்கட்டையாகக் கிடந்த அந்த வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, விரல் விரலாக நீவத் தொடங்கினாள். ஓய்வுச் சீட்டில் கையெழுத்துப் போட்ட கை அது.

*

அவள் நர்ஸ் இல்லை. எல்லா வீட்டிலும் சிஸ்டர் என்று கூப்பிடுவார்கள், அவ்வளவுதான். ஆறு மாதப் பராமரிப்புப் பயிற்சி மட்டும் முடித்தவள். இருபத்தைந்து வருடத்தில் எத்தனையோ உடம்புகளைத் தூக்கிப் புரட்டிக் குளிப்பாட்டியிருக்கிறாள். ஊசி போட அனுமதி கிடையாது. நேற்றுப் படித்து முடித்து வந்த சின்னப் பெண்கள் ஊசி போடுவார்கள். இவள் பக்கத்தில் பஞ்சு பிடித்துக்கொண்டு நிற்பாள். நர்ஸ் படிப்புக்குப் பள்ளி இறுதித் தேர்வுச் சான்றிதழ் வேண்டும். அது அவளிடம் இல்லை.

இருந்திருக்க வேண்டியதுதான். அவளும் அவள் தம்பியும் இரட்டைப் பிறவிகள். ஐந்து நிமிடம் முன்னால் பிறந்ததால் இவள் அக்கா. படிப்பிலும் இரட்டைதான். அரையாண்டுக் கணக்குப் பரீட்சையில் இவளுக்கு முப்பத்தொன்று, அவனுக்கு இருபத்தொன்பது. தேறுவதற்கு முப்பத்தைந்து வேண்டும். "ஒரு வயித்துல பொறந்த ரெண்டு மக்கு" என்று கணக்கு வாத்தியார் இரண்டு வகுப்பிலும் பாரபட்சம் இல்லாமல் சொல்லியிருந்தார்.

தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தபோது வீட்டுக்கு ஒரு சீட்டு வந்தது. 'மாணவியின் உடல்நலம் கருதி இவ்வாண்டு இறுதித் தேர்விலிருந்து ஓய்வு பரிந்துரைக்கப்படுகிறது.' கீழே மண்டல அதிகாரியின் கையெழுத்து, கொக்கியோடு.

"உனக்கு உடம்புக்கு என்னடி?" என்று அம்மா கேட்டாள்.

"ஒண்ணும் இல்லையேம்மா."

"ஒண்ணும் இல்லாமயா இவ்வளவு பெரிய அதிகாரி எழுதுவாரு?"

அம்மா பயந்துபோய் மூன்று டாக்டர்களிடம் கூட்டிக்கொண்டு போனாள். வியாதி கண்டுபிடிக்க முடியாத மூன்று டாக்டர்களும் ஆளுக்கொரு டானிக் எழுதிக் கொடுத்தார்கள். மற்றவர்கள் பரீட்சை எழுதிய பத்து நாளும் அவள் வீட்டில் உட்கார்ந்து டானிக் குடித்தாள். தெருவில் அவளுக்கு 'ரெஸ்ட்டு' என்று பெயர் விழுந்தது. பெண் கேட்டு வர இருந்தவர்கள், பெயர் தெரியாத ஏதோ வியாதி என்று கேள்விப்பட்டு வேறு தெருவுக்குப் போனார்கள். அடுத்த வருடம் எழுதலாம் என்று போனால், தேர்வுக்கு வராதவள் என்று பதிவேட்டிலிருந்தே பெயரை அடித்திருந்தார்கள்.

தம்பி எழுதினான். கணக்கில் இருபத்துநான்கு வாங்கித் தோற்றான். அரை நாள் அழுதான். மூன்று மாதம் கழித்து மறுபடி எழுதி, முப்பத்தேழு வாங்கித் தேறினான். இன்று பஸ் டிப்போவில் நேரக் கண்காணிப்பாளர். கையில் பெரிய கடிகாரம் கட்டிக்கொண்டு டிரைவர்களை மிரட்டுகிறான்.

அந்தப் பள்ளியில் சீட்டு வந்தது அவளுக்கு மட்டும் இல்லை. பதினொரு பேருக்கு வந்தது. பதினொருவரும் பெண்கள். பையன் ஒருத்தனுக்குக் கூட உடம்பு சரியில்லாமல் போகவில்லை. அது ஏன் என்று அவளுக்குப் புரிய முப்பது வருடம் ஆயிற்று. அந்தப் பதில் இந்தக் கட்டிலில், வாய் கோணி, அவள் ஊட்டும் கரண்டிக்காகக் காத்துக் கிடந்தது.

*

பழிவாங்க ஆயிரம் வழி இருந்தது. கஞ்சியைக் கொஞ்சம் நீர்க்கக் கொடுத்தால் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைப்பதை நான்கு மணி நேரம் ஆக்கினால் முதுகு அழுகிவிடும். யாருக்கும் தெரியாது. அவளுக்கு அந்த மாதிரி யோசனை வரவே இல்லை என்று சொன்னால் பொய். வந்தது, வேண்டாம் என்று தள்ளினாள். இரக்கப்பட்டுத் தள்ளவில்லை. நினைவு தெளியாத மனிதனைத் தண்டித்து என்ன பிரயோஜனம்? சுவரை அறைந்த மாதிரிதான். இவர் எழுந்து உட்கார வேண்டும். கேட்டால் புரிய வேண்டும். புரிந்தால் பதில் சொல்ல வாய் வேண்டும். அப்புறம் கேட்கலாம்.

அதனால் அவளைப் போல் அந்த மனிதனை யாரும் கவனித்திருக்க முடியாது. ஒரு மாதத்தில் முதுகுச் சிவப்பு மறைந்தது. இரண்டாவது மாதம் இடுப்பில் பட்டை கட்டி நாற்காலியில் உட்கார வைத்தாள். இடது கையில் பேனா பிடிக்கப் பழக்கினாள். பிடி நழுவாமல் இருக்க பேனாவைச் சுற்றிப் பஞ்சு வைத்துக் கட்டினாள். கட்டில் தலைமாட்டில் அவள் கையால் கோடு போட்ட அட்டவணை தொங்கியது. மருந்து, சாப்பாடு, பயிற்சி எல்லாவற்றுக்கும் மூன்று கட்டம்: கொடுத்தது, மறுத்தார், கொடுக்கவில்லை. பயிற்சிக் காலத்தில் பெண்களிடம் வார்டன் தலைபாடாக அடித்துக்கொண்ட விஷயம் அது. "நீ மறந்துட்டுக் கொடுக்கலைன்னா, கொடுக்கலைன்னு எழுது. மறுத்தார்னு நோயாளி தலைல போட்டா, அன்னிக்கே மூட்டையக் கட்டு."

பேச்சு வந்தது ஒரு தண்ணீர்க் கணக்கில்தான். "ஐயா, ஒரு நாளைக்கு எட்டு டம்ளர். ஆறு ஆச்சு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு," என்றார் அதிகாரி.

வீட்டம்மா அடுப்பங்கரையிலிருந்து ஓடி வந்தாள். "பேசிட்டாரா? என் பேரச் சொல்லச் சொல்லு!"

பேர் வரவில்லை. உதடு துடித்தது, எச்சில்தான் வழிந்தது. சிஸ்டர் யோசித்துவிட்டு, "ஐம்பதுல பன்னெண்டு, நூத்துக்கு எவ்வளவு?" என்று கேட்டாள்.

"இருபத்து...நாலு."

"நல்லா இருக்கு!" என்றாள் வீட்டம்மா. "நாப்பத்தெட்டு வருஷம் ஆக்கிப்போட்டவ பேரு வரல. சதவீதம் வருது!"

வாரம் ஒரு முறை வந்து பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண், சிலருக்கு இப்படி ஆகும், வார்த்தை போனாலும் எண் தங்கிவிடும், அதையே பிடித்துக்கொண்டு மேலே வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். தினமும் காலை பதினொரு மணிக்குக் கணக்குப் பயிற்சி என்று அட்டவணையில் ஏறியது. அவரைப் பற்றி இன்னொன்றும் சிஸ்டர் தெரிந்துகொண்டாள். ஒரு நாள், பதினேழை ஆறால் பெருக்கச் சொல்லிவிட்டு, வாசலில் யாரோ கூப்பிட எழுந்து போய்விட்டாள். திரும்பி வந்தால் மனிதர் வியர்த்து ஊற்றிக்கொண்டு கிடக்கிறார். சாப்பாட்டுக் கரண்டியை வாயில் வாங்கவில்லை. "நூத்து ரெண்டு" என்று சொன்ன பிறகுதான் வாயைத் திறந்தார். கேட்ட கணக்கை முடிக்காமல் அவரால் இருக்க முடியாது. அது அவர் உடம்பில் ஊறிய நமைச்சல்.

அவள் அதை மனதில் குறித்து வைத்தாள்.

பயிற்சிக்கு எண்கள் வேண்டும் என்றதும் வீட்டம்மா அலமாரியிலிருந்து ஒரு பழைய கோப்பை எடுத்துத் தட்டிக் கொடுத்தாள். மண்டலத்தின் நூற்றுப் பன்னிரண்டு பள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள். சிஸ்டருக்குச் சீட்டு வந்த அதே வருடத்துக் கணக்கு. சிஸ்டர் தன் பள்ளியைத் தேடி எடுத்தாள். மாணவியர்: தேர்வு எழுதியோர் இருபத்தேழு, தேர்ச்சி இருபத்தாறு, தொண்ணூற்றாறு சதவீதம். மாணவர்: எழுதியோர் நாற்பது, தேர்ச்சி முப்பத்தெட்டு, தொண்ணூற்றைந்து. தோற்ற இரண்டு பையன்களில் ஒருவன் அவள் தம்பி.

பதிவேட்டில் எத்தனை பேர் என்ற கட்டமே அந்தத் தாளில் இல்லை.

அவளுக்குத் தெரியும் எத்தனை பேர் என்று. வருகைப் பதிவில் கடைசிப் பெயர் அவளுடையது. முப்பத்தெட்டு என்று கூப்பிடுவார்கள்; "உள்ளேன்" என்று அவள் சொன்னதும் பதிவேட்டை மூடுவார்கள்.

அப்போதுதான் விளங்கியது. மேலிடம் இவரிடம் கேட்டது ஒரே ஒரு எண்: இடைவெளி. பலவீனமான பெண் எழுதித் தோற்றால் சிவப்புக் கோடு கீழே இறங்கும். அவளை வீட்டில் உட்கார வைத்துவிட்டால் கோடு ஏறும். பலவீனமான பையன் எழுதித் தோற்றாலோ, நீலக் கோடு கொஞ்சம் இறங்கிவரும், அதுவும் நல்லதுக்குத்தான். அதனால்தான் தம்பிக்குக் காய்ச்சல் அடித்தபோது கூட வாத்தியார் வீட்டுக்கே வந்து, "எப்படியாவது வந்து எழுதுடா" என்று கூட்டிப்போனார். பாசம் என்று அம்மா மெச்சிக்கொண்டாள்.

தாளின் ஓரத்தில் பென்சிலால் முப்பத்தெட்டு என்று எழுதினாள். அழுத்தி எழுதியதில் முனை ஒடிந்தது.

*

ஏழாவது மாதம் ஒரு காலையில் சீட்டை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தாள். முன்னதாகச் சோதித்திருந்தாள்: கண்ணாடியைக் காட்டு, கதவைக் காட்டு, நேற்று யார் வந்தார்கள், நாளை என்ன கிழமை. எல்லாம் சரியாக இருந்தது. எழுதியதை வாசிக்கிறார், புரிகிறது.

அவர் வாசித்தார். கொக்கியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

சிஸ்டர் அதை நம்பவில்லை. கைக்குட்டையையும் கரண்டியையும் எடுத்து, கரண்டியை முதலில் காட்டினாள். அதற்கும் அழுதார். ஜன்னல் திரையைக் காட்டினாள். அதற்கும் அழுதார். இந்த நோயில் அப்படித்தான். திருகு சரியில்லாத குழாய் மாதிரி ஒழுகும். "இது வியாதியோட அழுகை. இதை நான் கணக்குல எடுத்துக்க மாட்டேன்," என்று முகத்தைத் துடைத்துவிட்டாள். "வாயத் தொறந்து சொல்லுங்க. எனக்கு உடம்புக்கு என்ன?"

அவர் வெகுநேரம் வாயோடு போராடினார். அப்புறம் இடது கையைத் தூக்கிச் சுவரைக் காட்டினார்.

"கோடு," என்றார். "சேந்து...ருச்சு."

வருத்தம் துளி இல்லை. முகத்தின் நல்ல பாதி சிரிக்கக் கூடச் செய்தது.

'சரி' என்று நினைத்துக்கொண்டாள் சிஸ்டர். இவரிடம் மன்னிப்பு வாங்க முடியாது. அந்தச் சரக்கு இவரிடம் இல்லை. இவரிடம் இருப்பது கணக்கு மட்டும்தான். அதைத்தான் வாங்க வேண்டும். எப்படி என்பதுதான் தெரியவில்லை.

*

வழி தம்பி வீட்டிலிருந்து வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது, தம்பி மகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பள்ளி இறுதி வகுப்பு. தேர்வுக்கு மூன்று வாரம்.

"என்னடா ஆச்சு இவளுக்கு?"

"ஒண்ணும் இல்லக்கா. ஸ்கூல்ல கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்காங்க. மன அழுத்தமாம். அடுத்த வருஷம் நிதானமா எழுதலாம்னு..." தம்பி ஒரு தாளை நீட்டினான்.

வாசகம் கொஞ்சம் நாகரிகமாகியிருந்தது. கையெழுத்து வேறு ஆளுடையது. மற்றபடி அதே சீட்டு.

"இவ வகுப்புல பையன் யாருக்காவது வந்துச்சா இது?"

"பையனுக்கு எதுக்குக்கா மன அழுத்தம்?"

"நீ மனுசனாடா?" என்றாள். "என் பெட்டில இருக்குற சீட்டை நீ பாத்தவன்தான? அதே சீட்டை உன் பொண்ணுக்கு வாங்கி மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டு வந்திருக்க, பஸ் டிக்கெட் மாதிரி."

"அதுக்கில்லக்கா, இவ எழுதினாலும் கணக்குல தோத்துருவா..."

"தோக்கட்டுமே! நீ தோக்கலயா? தோத்ததாலதான்டா நீ திரும்பி எழுதின. தோத்தவன்னு உன் பேரு பதிவேட்டுல இருந்துச்சு. என்னைத் தோக்கக்கூட விடல. நான் மறுத்ததா எழுதிட்டாங்க. நான் எங்கடா மறுத்தேன்? எனக்குக் கொடுக்கல!"

தம்பி கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டு நின்றான். மகள் சுவரிலிருந்து திரும்பினாள்.

"அத்தை, எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல அத்தை."

"தெரியும்டி. எழுந்து உக்காந்து கணக்கைப் போடு. ஹால் டிக்கெட் அத்தை வாங்கித் தரேன்."

வாயால் சொல்லிவிட்டாளே தவிர, எப்படி வாங்குவது? மறுநாள் வேலைக்குப் போனதும் வீட்டம்மா பூரித்துப் போய் நின்றாள். இப்போதைய மண்டல அதிகாரி புதன்கிழமை வருகிறாராம். ஐயா அந்தக் காலத்தில் செய்ததை 'தேர்வு நல ஓய்வுத் திட்டம்' என்று பெயர் வைத்து, சுற்றறிக்கையாகவே எல்லாப் பள்ளிக்கும் அனுப்பப் போகிறார்களாம். முகப்புத் தாளில் ஐயாவின் கையெழுத்து வேண்டுமாம். "இடது கையால போட்டாலும் போதும்னுட்டாங்க. நீதான் கூட இருந்து, அவரு சொல்றத எல்லாருக்கும் புரியச் சொல்லணும். உனக்குத்தான அவரு பேச்சு புரியுது."

உண்மைதான். அவர் பாதி விழுங்கும் வார்த்தைகள் அவளுக்கு மட்டும்தான் பிடிபடும். புதன்கிழமை அவர் என்ன சொன்னார் என்று அவள் சொல்வதுதான் சட்டம். "ஐயா மன்னிப்புக் கேக்குறார்" என்று சொல்லிவிடலாம். இரண்டு நாள் அந்த யோசனை அவளைச் சுற்றியது. அப்புறம் அட்டவணையைப் பார்த்தாள். கொடுக்காததைக் கொடுத்ததாக எழுதுவது அவள் வேலை இல்லை. அது அந்தக் கொக்கிக் கையெழுத்தின் வேலை.

*

புதன்கிழமை மூன்று பேர் வந்தார்கள். புது அதிகாரி, அவருடைய போட்டோக்காரர், கணினியைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்த ஒரு பெண். புள்ளிவிவரப் பிரிவாம். நோயாளியை நாற்காலியில் உட்கார வைத்து, நல்ல சட்டை போட்டு, தலை வாரி, எச்சில் துடைத்துத் தயாராக வைத்திருந்தாள் சிஸ்டர்.

"ஐயா, நீங்க தனித்தனிச் சீட்டாக் கொடுத்தீங்க. நாங்க முறைப்படுத்திட்டோம்," என்று குனிந்து காதருகே கத்தினார் புது அதிகாரி.

"அவருக்குக் காது நல்லாக் கேக்கும் சார்," என்றாள் சிஸ்டர்.

"நல்...லது," என்றார் அதிகாரி, சுவரைப் பார்த்து.

"நல்லதுன்னு சொல்றார்," என்று அப்படியே சொன்னாள். மணி பதினொன்று அடித்தது. "சார், பதினொரு மணிக்கு இவருக்குக் கணக்குப் பயிற்சி. தவறக் கூடாது. பத்து நிமிஷம். எவ்வளவு தேறியிருக்கார்னு நீங்களும் பாருங்களேன்."

"அருமை! வீடியோவா எடுப்பா," என்றார் புது அதிகாரி போட்டோக்காரரிடம்.

சிஸ்டர் எதிரே முக்காலியில் உட்கார்ந்தாள். "ஐயா, ஒரு பள்ளிக்கூடம். எழுதின பொண்ணுங்க இருபத்தேழு. தேறினது இருபத்தாறு. நூத்துக்கு?"

"தொண்ணூத்தாறு."

"பையன்கள் நாப்பது. தேறினது முப்பத்தெட்டு."

"தொண்ணூத்...தஞ்சு."

"இடைவெளி?"

"ஒண்ணு." இடது கை ஆட்காட்டி விரல் உயர்ந்தது. "பொண்ணு... மேல."

புது அதிகாரி கை தட்டினார். வீட்டம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"அதே பள்ளிக்கூடம் ஐயா," என்றாள் சிஸ்டர். குரலை உயர்த்தவில்லை. "பதிவேட்டுல இருந்த பொண்ணுங்க முப்பத்தெட்டு. தேறினது அதே இருபத்தாறு. நூத்துக்கு?"

நாற்காலியில் இருந்தவருக்கு அவள் எங்கே வருகிறாள் என்று தெரிந்துவிட்டது. அவளை ஒரு பார்வை பார்த்தார். அதில் வியாதி இல்லை, பழைய அதிகாரிதான் இருந்தார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். புள்ளிவிவரப் பெண் தலையை நிமிர்த்தினாள்.

"போதும்மா, ஐயா களைச்சிட்டார்," என்று முகப்புத் தாளை நீட்டினார் புது அதிகாரி. "கையெழுத்தை வாங்கிட்டு நாங்க கிளம்புறோம்."

"ஆமா சார், கணக்கு கெடக்கட்டும்." அவளே பலகையை மடியில் வைத்தாள். தாள் நகராமல் நான்கு மூலையிலும் ஒட்டினாள். பஞ்சு சுற்றிய பேனாவை அவர் இடது கையில் பொருத்தினாள். "போடுங்க ஐயா."

பேனா தாளில் பட்டு நின்றது. அவர் நெற்றியில் வியர்வை பூத்தது. கழுத்து நரம்பு துடித்தது. அவள் அந்த நமைச்சலை அறிவாள். தாளை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அறுபத்...தெட்டு," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"அறுபத்தெட்டுன்னு சொல்றார்," என்றாள் எல்லோருக்குமாக. "பையன்கள் தொண்ணூத்தஞ்சு. அப்ப இடைவெளி... அது வேணாம். நீங்க கையெழுத்தைப் போடுங்க."

அவர் எழுதினார். கோணலாக, நடுங்கி, ஆனால் தெளிவாக. 27. எழுதி முடித்ததும் பெருமூச்சு ஒன்று விட்டார். அப்புறம் பழக்கம் கையை இழுத்ததோ என்னவோ, ஏழின் அடியிலிருந்து ஒரு வாலைக் கிளப்பி, பின்னால் ஓட்டி, வளைத்து இரண்டின் தலையில் கொக்கி போட்டார்.

"இருபத்தேழு," என்றாள் புள்ளிவிவரப் பெண், யாரும் கேட்காமலே. "சார், ஆரம்பிச்சப்ப பதினாலு இருந்துச்சு. இந்தப் பள்ளில மட்டும் அது இருபத்தேழு ஆயிருக்கு."

"பேனா வழுக்கிருச்சு! இன்னொரு தாள் கொடு."

"வழுக்கல சார். கையெழுத்தே போட்டிருக்கார், பாருங்க கொக்கிய." சிஸ்டர் எழுந்து தன் பையிலிருந்து இரண்டு சீட்டையும் எடுத்துத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள். "இது முப்பது வருஷத்துக்கு முந்தினது. பதிவேட்டுல கடைசி நம்பர் முப்பத்தெட்டு, அது நான்தான். இது பத்து நாளைக்கு முந்தினது, என் தம்பி மகளோடது. போட்டோ அண்ணே, ரெண்டையும் கிட்டப் போய் எடுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள சீட்டு வாங்கின எல்லாப் பொண்ணுக்கும் ஹால் டிக்கெட் வரணும் சார். வரலைன்னா இதுங்க மூணும் பத்திரிகைக்குப் போகும்."

"என்னை மிரட்டுறியா?"

"ஆமா சார்."

வீட்டம்மா ஒருவரையும் பார்க்காமல், எழுந்து போய் அந்தத் தாளைப் பலகையிலிருந்து பிய்த்து, மடித்து, தன் ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். "இது என் வீட்டுக்காரர் எழுதினது," என்றாள். "என்கிட்டத்தான் இருக்கும்."

*

சுற்றறிக்கை வரவில்லை. அனுப்பிய ஓய்வுச் சீட்டுகள் எழுத்தர் பிழை என்று திரும்பப் பெறப்பட்டன. எத்தனை சீட்டு என்று அலுவலகம் வாயைத் திறக்கவில்லை. புள்ளிவிவரப் பெண்தான் சொன்னாள். நானூற்றுப் பன்னிரண்டு. அதில் இருபது முப்பது பேர், வீட்டில் வேறு ஏற்பாடு ஆகிவிட்டதென்று ஹால் டிக்கெட் வாங்கவே வரவில்லை. அவர்களுக்கு சிஸ்டரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

தம்பி மகள் எழுதினாள். கணக்கில் முப்பத்திரண்டு வாங்கித் தோற்றாள். அரை நாள் அழுதுவிட்டு மறு தேர்வுக்குப் படிக்கிறாள். "நீயும் கூடச் சேந்து எழுதேன்க்கா," என்றான் தம்பி, சமாதானம் பேசுகிற குரலில்.

"எனக்கு வேலை இருக்குடா," என்றாள்.

வேலை நிறைய இருந்தது. தன்னை வேலையை விட்டு நிறுத்துவார்கள் என்று அவளே மூட்டையைக் கட்டி வைத்திருந்தாள். வீட்டம்மா அதைப் பிரித்துப் போட்டாள். "அவரை இவ்வளவு தூரம் கொண்டு வந்தவ நீ. உன் கோபத்தையும் வெச்சுக்க, வேலையையும் பாரு. அந்தப் படத்தை மட்டும் கழட்டிரட்டுமா?"

"வேணாம்மா. அங்கயே இருக்கட்டும். அவருக்கு நேரா."

புள்ளிவிவரப் பெண் அலுவலகத்துப் பழைய வருகைப் பதிவேடுகளைத் தோண்டியெடுத்து, மற்ற நூற்றுப் பதினோரு பள்ளிகளின் பதிவு எண்ணிக்கையையும் ஒரு தாளில் அனுப்பியிருந்தாள். சிஸ்டர் அதைக் கோப்பில் செருகி வைத்தாள். தினமும் காலை பதினொரு மணிக்கு ஒரு பள்ளி. எழுதியவர்களை வைத்து ஒரு கணக்கு, பதிவேட்டை வைத்து ஒரு கணக்கு. இரண்டையும் அவரே வாயால் சொல்ல வேண்டும். வித்தியாசத்தை அவரே இடது கையால் எழுத வேண்டும். அதற்காக அவர் உடம்பு நன்றாக இருக்க வேண்டும். அதில் அவள் ஒரு கரண்டி கூடக் குறை வைக்கவில்லை. பேச்சுப் பயிற்சிப் பெண் வந்து பார்த்து, இப்படி ஒரு முன்னேற்றத்தைத் தான் கண்டதில்லை என்று வீட்டம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

நாற்பத்தோராவது பள்ளி வந்த அன்று அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஐயா, பதிவேட்டுல அறுபத்து மூணு. எழுதினது நாப்பத்தெட்டு."

கண்ணைத் திறக்கவில்லை.

சிஸ்டர் அட்டவணையில் 'மறுத்தார்' என்ற கட்டத்தில் பேனாவால் குறித்தாள். மரத்துக் கிடந்த வலது கையை எடுத்து மடியில் வைத்து, கட்டை விரலிலிருந்து நீவத் தொடங்கினாள். பத்து நிமிடம் நீவினாள். நெற்றியில் வியர்வை பூக்கட்டும் என்று காத்திருந்தாள். பூத்தது.

"அறுபத்து மூணு ஐயா," என்றாள்.